பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த சுண்டலை மறுத்துவிட்டேன்: இதில் மனத்தாழ்மை எங்கே இருக்கிறது?

விளாங்குடி மகள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். மதுரை விளாங்குடியில் பதினோரு ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடியிருக்கிறோம், நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார். பக்கத்து வீட்டு அம்மாவை நான் அக்கா என்றுதான் அழைப்பேன். என் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து பெரிய ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தபோது, நான் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை கூட இருந்து, கஞ்சி கொடுத்து, முகம் துடைத்துவிட்டவர் அவர்தான்.

சென்ற வாரம் சரசுவதி பூசையன்று மாலையில் அவர் ஓர் எவர்சில்வர் தட்டில் பொரியும் பொட்டுக்கடலையும் சுண்டலும் கொண்டுவந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இத்தனை ஆண்டுகளாக அவர் கொடுப்பதைச் சிரித்த முகத்தோடு வாங்கி, அவர் போன பிறகு தெருப் பெருக்க வரும் அம்மாவிடம் கொடுத்துவிடுவதே என் வழக்கம். இந்த முறை, சில வாரங்களுக்கு முன் சபையில் கேட்ட ஒரு பிரசங்கம் மனத்தை உறுத்தியதால், வாங்கி ஏமாற்றுவதைவிட நேரே சொல்லிவிடுவது நல்லது என்று எண்ணி, "அக்கா, பூசையில் வைத்ததை நாங்கள் சாப்பிடமாட்டோம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று வாசலிலேயே சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டின்மேல் மூடியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனார். அன்றிலிருந்து என் கண்ணில் படாதபடி கோலம் போடும் நேரத்தைக்கூட மாற்றிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

நான் செய்ததில் தவறில்லை என்பது என் கணவரின் எண்ணம். எனக்கோ தூக்கம் வரவில்லை. விசுவாசத்தில் உறுதியாகவும் எல்லாரிடத்திலும் தாழ்மையாகவும் ஒரே நேரத்தில் இருப்பது எப்படி? அனுபவத்திலிருந்து பேசுகிறவர்கள் பதில் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஆதார வசனம்

சகோதரி, நீங்கள் கலங்க வேண்டியதில்லை. வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரத்தில், புறஜாதியாரிலிருந்து (யூதரல்லாதாரிலிருந்து) வந்த விசுவாசிகளுக்கு எருசலேம் சபை எழுதிய நிருபத்தில் விதிக்கப்பட்டவை மிகச் சிலவே. அந்தச் சிலவற்றுள் விக்கிரகங்களுக்குப் படைத்ததை விலக்க வேண்டும் என்பதும் ஒன்று. வெளிப்படுத்தின விசேஷம் 2-ஆம் அதிகாரத்தில் பெர்கமு சபையும் தியத்தீரா சபையும் இதே காரியத்துக்காகக் கடிந்துகொள்ளப்படுகின்றன. ஆகையால் இது அற்பக் காரியம் என்று சொல்ல வேதம் இடங்கொடுக்கவில்லை. என் பார்வையில் உங்கள் பிழை ஒன்றே ஒன்றுதான், அது சென்ற வாரம் நடந்ததன்று. பத்து ஆண்டுகளாக வாங்கிக்கொள்வதுபோல் நடித்ததே பிழை. முதல் ஆண்டிலேயே பணிவாகச் சொல்லியிருந்தால் அந்த அம்மா இதற்குள் அதைப் பழகிக்கொண்டிருப்பார். அன்பு என்பது சத்தியத்தைப் பூசி மெழுகுவது அன்று.

கீழவாசல்

நான் கத்தோலிக்கன், நாங்கள் 'தாழ்ச்சி' என்று சொல்வோம், நீங்கள் 'மனத்தாழ்மை' என்கிறீர்கள். வசனத்துக்கு வசனம் எடுத்து வைக்கும் பயிற்சி எனக்கு இல்லாததால், நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 18 மதுரைக்காரர்கள் எளிதில் மறக்கக்கூடிய நாள் அன்று. காலையில் மாசி வீதிகளில் மீனாட்சியம்மன் தேரோட்டம். அன்றைக்கே நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு, திருவிழாவை முன்னிட்டு மதுரைக்கு மட்டும் இரவு 8 மணிவரை நேரம் நீட்டிக்கப்பட்டிருந்தது. மாலையில் மூன்றுமாவடியில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை. எங்களுக்கோ அது, இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூரும் புனித வியாழன். மறுநாள் அழகர் வைகையில் இறங்கிய நாளே பெரிய வெள்ளி. பேருந்துகள் எல்லாம் சுற்றுவழியில் திருப்பிவிடப்பட்டிருந்ததால், வாக்களித்துவிட்டு, தெற்குவாசலில் இருக்கும் என் தமக்கை வீட்டுக்கும் போய்விட்டு, எங்கள் பங்குக் கோயிலுக்கு நடந்தே வந்தேன். ஏப்ரல் வெயிலைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழியில் ஒரு நீர்மோர்ப் பந்தலில், யார் என்ன என்று கேளாமல் ஒரு முதியவர் என் கையில் குவளையைத் திணித்தார். அந்தப் பந்தல் அழகருக்கு நேர்ந்துகொண்டு வைத்தது என்று பின்னால் கட்டியிருந்த துணியில் எழுதியிருந்தது. நான் அதைப் படித்தது இரண்டாவது குவளையைக் குடிக்கும்போது.

அன்று மாலைத் திருப்பலியில் பாதம் கழுவப்படும் பன்னிருவரில் நானும் ஒருவன். தெருப்புழுதி அப்பிய என் காலைப் பங்குத்தந்தை தொட்டபோது இழுத்துக்கொள்ளத்தான் தோன்றியது. காலைக் கழுவிக்கொண்டு வந்திருக்கலாமே என்று கூசினேன். அன்றைக்கு நான் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை, காலையிலிருந்து இரவுவரை வாங்கிக்கொண்டே இருந்தேன் என்பது வீடு திரும்பும்போதுதான் உறைத்தது.

பசுமலைக்காரர்

கீழவாசல் நண்பர் முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டார். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். கொஞ்சம் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படைத்ததைப் பற்றி 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை பவுல் எழுதியதை ஒரே மூச்சில் வாசித்தால், அவர் உணவைவிட, உண்கிறவன் மனத்தில் இருக்கும் பெருமையைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டிருப்பது தெரியும். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அறிந்தவர்கள் அந்த அறிவைக் காட்டிக்கொண்டு கோயில் பந்தியில் உட்கார்ந்ததைக் கண்டிக்கும் பகுதி "அறிவு இறுமாப்பை உண்டாக்கும்" என்றுதான் தொடங்குகிறது. அதே பவுல், கடைத்தெருவில் விற்கும் எதையும் விசாரியாமல் வாங்கித் தின்னலாம் என்கிறார். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால் முன்னே வைப்பதைக் கேள்வி கேட்காமல் உண்ணலாம் என்கிறார். இது படைத்தது என்று யாராவது சொன்னால் மட்டும், சொன்னவரை முன்னிட்டு விலக்கச் சொல்கிறார். மனச்சாட்சி என்று தாம் சொல்வது உங்களுடையதை அன்று, மற்றவருடையதை என்று அடுத்த வசனத்திலேயே விளக்கமும் தருகிறார். சகோதரர் ஆதார வசனம் காட்டிய இடங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் எதிரில் நிற்கும் மனிதரின் மனத்தை முதலில் கேள் என்னும் இந்தப் பகுதியைத் தள்ளிவிட்டு அவற்றை வாசிக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிசம்பர் வந்தால் கேக், முறுக்கு, அதிரசம் என்று தெரு முழுக்கக் கொடுக்கிறோம். இந்து வீட்டார் தயங்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். எங்கள் செபத்தில் வைத்ததா என்று ஒருவரும் கேட்டதில்லை. அவர்கள் கொடுக்கும் முறை வரும்போது மட்டும் நமக்கு வசனம் நினைவுக்கு வருகிறது. கொடுப்பவன் கை எப்போதும் மேலே இருக்கும், வாங்குபவன் கை கீழே இருக்கும். எப்போதும் கொடுக்க மட்டுமே விரும்புகிறவன் தன்னைத் தாழ்மையுள்ளவன் என்று நம்பிக்கொள்வது எளிது. எனக்கே நாற்பது வயதுவரை அந்த நம்பிக்கை இருந்தது. யோவான் 13-இல் "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று மறுத்த பேதுரு, தான் தாழ்மையாகப் பேசுவதாகத்தான் நினைத்திருப்பார்.

யோவான் 4-இல் சீகார் ஊர்க் கிணற்றடியில் ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் முதலில் பேசியது உபதேசம் அன்று. தாகத்துக்குத் தண்ணீர் தா என்பதே. யூதர் சமாரியரோடு சம்பந்தங்கலவாதவர்கள் என்னும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு, ஒருவர் பாத்திரத்தை மற்றவர் புழங்குவதில்லை என்று பொருள் கொள்வோரும் உண்டு. 'புழங்குதல்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் என்ன கனம் என்பது உங்களுக்கே தெரியும். அவரிடம் மொண்டுகொள்ளப் பாத்திரம் இருக்கவில்லை. அவளுடைய குடத்தைத்தான் நம்பியிருந்தார்.

நம் மதுரையிலேயே இதற்கு முன்னோடி உண்டு. 1606-இல் இங்கு வந்த இத்தாலியக் கத்தோலிக்கக் குருவான தத்துவ போதகர், இராபர்ட் தெ நொபிலி, காவியும் பாதக்குறடும் தரித்து, புலால் நீக்கி, பிராமண ஆசிரியர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து சமற்கிருதம் கற்றார். தமிழிலும் தெலுங்கிலும் தேர்ச்சி பெற்றார். கற்பிக்க வந்தவர் முதலில் கற்றுக்கொள்ளக் கை நீட்டினார் என்பதே எனக்கு அவரிடம் பிடித்தது.

ஆதார வசனம்

ஐயா, உங்கள் வயதுக்கும் படிப்புக்கும் மரியாதை கொடுத்தே சொல்கிறேன். சமாரியப் பெண் கொடுக்க இருந்தது கிணற்றுத் தண்ணீர். அது எந்த விக்கிரகத்தின் முன்னும் வைக்கப்பட்டதன்று. ஆகவே அந்த எடுத்துக்காட்டு இங்கே பொருந்தாது. மேலும், தாழ்மை என்ற பெயரில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளலாம் என்றால், எதை மறுப்பது? பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தில் கிறிஸ்து தம்மைத்தாமே வெறுமையாக்கினார் என்று வாசிக்கிறோம். தம் பிதாவுக்குக் கீழ்ப்படிதலை அவர் வெறுமையாக்கவில்லை. அந்தக் கீழ்ப்படிதல் அவரைச் சிலுவைமட்டும் கொண்டுபோனது என்றே அந்தப் பகுதி சொல்கிறது.

கொலுப்படி

நான் கிறிஸ்தவன் அல்லேன். இந்தத் தளத்தில் சமய விவாதங்களைப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஆனால் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனவரின் பக்கத்திலிருந்து ஒருவராவது பேச வேண்டும் அல்லவா?

எங்கள் வீடு சிம்மக்கல்லில் இருந்தது. எதிர்வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பமும் அதற்கடுத்து ஓர் இசுலாமியக் குடும்பமும் இருந்தார்கள். பூசை நாள்களில் சுண்டல் தாளித்து இறக்கியதும், படையலுக்கு எடுத்து வைப்பதற்கு முன்பே, என் அம்மா இரண்டு கிண்ணங்களில் தனியாக எடுத்து மூடி வைத்துவிடுவார். சிறு வயதில், சாமிக்கு முன்னால் மனிதர்களுக்கு எடுக்கலாமா என்று நான் கேட்டபோது, "அவர்கள் படைத்ததைச் சாப்பிடமாட்டார்கள், தெரிந்துகொண்டே கொடுத்தால் அவர்களைச் சோதிப்பது போலாகும்" என்றார். கொண்டுபோய்க் கொடுக்கும்போது, சாமிக்கு வைக்கும் முன் எடுத்தது என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்வார். இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. மதுரைத் தெருக்களில் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் உண்டு என்று சொல்லமாட்டேன். உங்கள் அக்கா எப்படியோ எனக்குத் தெரியாது. நீங்கள் அவரைக் கேட்டதுண்டா?

பசுமலைக்காரர் ஐயா எடுத்துக்காட்டிய கொரிந்தியர் பகுதியை இன்றுதான் முதல்முறையாக வாசித்தேன். மற்றவர் மனச்சாட்சிக்காக என்று எழுதியிருப்பதை என் அம்மா வாசித்ததில்லை.

மேற்குச்சீமை

நான் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தான், மூன்றாம் தலைமுறைக் கிறிஸ்தவன், நான்காம் தலைமுறையாகச் சேரியில் பிறந்தவன். இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அண்டை வீட்டு இந்துவிடம் வாங்கலாமா என்று இவ்வளவு நுட்பமாகப் பேசும் நாம், அண்டைத் தெருக் கிறிஸ்தவனிடம் வாங்குகிறோமா?

எங்கள் ஊரில் ஒரே சபை, இரண்டு தெரு. சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கு எல்லாரும் ஒரே பந்தியில்தான் உட்காருவோம். வெளியூர்ச் சமையற்காரர் வந்து அண்டாவில் பொங்கிப் போடுவதால் யாருக்கும் சங்கடம் இல்லை. ஆனால் கிறிஸ்துமஸ் சமயத்தில் கேரல் பாடி வருகிறவர்களுக்காக என் அம்மா பாத்திரம் நிறையக் காப்பி போட்டு வைத்திருப்பார். பாடுவார்கள், செபிப்பார்கள், காணிக்கை வாங்குவார்கள். காப்பியை நீட்டினால், இப்போதுதான் குடித்தோம், தொண்டை கட்டிக்கொள்ளும் என்பார்கள். அடுத்த தெரு வீட்டுத் திண்ணையில் அதே தொண்டைகள் காப்பி குடித்ததை நானே பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தால் உடைக்காத சோடாப் புட்டி கேட்பார்கள். இப்போது மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தல் வந்து அவர்களுடைய சங்கடத்தைத் தீர்த்துவிட்டது.

பசுமலைக்காரர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. தத்துவ போதகர் கை நீட்டிக் கற்றது மெய்தான். ஆனால் யாரிடம் கை நீட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மதுரையில் அவருக்கு முன்பே, கடலோர மீனவர்களான பரதவக் கிறிஸ்தவர்களுக்கு ஊழியம் செய்துவந்த குருவையும் அந்த மக்களையும் விட்டு விலகித் தனி மடத்தில்தான் அவர் இருந்தார். மேல்சாதியார் தம்மை ஏற்க வேண்டும் என்பதற்காகவே அந்த விலகல். எங்களைப் போன்றவர்களுக்குப் பிற்பாடு பண்டாரச் சாமிகள் என்று வேறு வகைக் குருக்களை ஏற்படுத்தினார்கள். அந்தத் தாழ்மை மேல்நோக்கி மட்டும் வளைந்த தாழ்மை.

உங்கள் பசுமலைக்கு உரிய கதையை நீங்கள் ஏன் சொல்லவில்லை? பசுமலையில் செமினரி நடத்திய அமெரிக்க மதுரை மிஷன் 1847-இல் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. சாதியை விட்டதற்கு அடையாளமாக அதில் கேட்கப்பட்டது பெரிய அறிக்கை எதுவும் அன்று. தகுந்த சமயத்தில் எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் சேர்ந்து உண்ண ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பதே. ஞானஸ்நானத்துக்கும் செபத்துக்கும் தயங்காத பலர் அந்த ஒரு வாய்ச் சோற்றுக்குத் தயங்கினார்கள். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் என் அம்மாவின் காப்பி ஆறிக்கொண்டுதான் இருக்கிறது.

பசுமலைக்காரர்

தம்பி, நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். தெ நொபிலியைப் பற்றிப் பேசும்போது எனக்கு வசதியான பாதியை மட்டும் சொன்னேன். வகுப்பிலும் முப்பது ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். 1847 தீர்மானம் எனக்குத் தெரியும். அது நினைவுக்கு வராமல் போனதற்கு என் வயது காரணம் அன்று என்பதும் தெரியும். என் தாத்தா எந்தத் தெருவில் பிறந்தார் என்பதே காரணம்.

உங்கள் ஊர்க் கேரல் கதையைப் படித்த பிறகு விளாங்குடி மகளின் கேள்வியையும் வேறுவிதமாகப் பார்க்கிறேன். சுண்டலை அவர் மறுத்ததற்கு அவர் நம்பியது வேறு காரணம், சாதி அன்று. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவது அவருக்கு அநீதி. ஆனால் வாசலில் தட்டோடு திரும்பிப் போகிறவருக்கு, மறுத்தவரின் உள்மனக் காரணம் தெரியாது. அவர் அறிந்ததெல்லாம் தம் கையால் செய்ததை இந்த வீட்டில் வாங்கவில்லை என்பதுதான். இந்த மண்ணில் அதற்கு ஒரே பொருள்தான் வழிவழியாக இருந்துவந்திருக்கிறது.

மகளே, ஒரு யோசனை. மன்னிப்புக் கேட்கிறேன் என்று கேக்கும் பழமும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். மறுபடியும் உங்கள் கைதான் மேலே இருக்கும். ஏதாவது கேட்டுப் போங்கள்.

ஆதார வசனம்

படைத்ததை உண்ணக்கூடாது என்பதில் என் நிலைப்பாடு மாறவில்லை. மாறியதாக யாரும் எழுத வேண்டாம். ஆனால் படைப்பதற்கு முன் எடுத்து வைக்கும் வழக்கத்தை கொலுப்படி ஐயா எழுதும்வரை நான் அறிந்திருக்கவில்லை. எங்கள் தெருவிலும் மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றும் நாளில் ஒரு பாட்டி தூக்குவாளியில் கொண்டுவருவார். இருபது ஆண்டுகளாகக் கதவைத் திறந்ததும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்ததை இரண்டொரு முறை கவனித்திருக்கிறேன். நான் என் வசனத்தைச் சொல்லி முடித்துவிடுவேன். அந்தப் பாட்டி இப்போது இல்லை.

மேற்குச்சீமைச் சகோதரரே, நீங்கள் எழுதிய கேரல் குழுவைப் போன்ற ஒன்றில் நானும் பாடியிருக்கிறேன். எந்த ஊர் என்று இங்கே எழுதவில்லை.

விளாங்குடி மகள்

எழுதிய எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பசுமலைக்கார ஐயா சொன்னபடி, நேற்று முன்தினம் வேலையிலிருந்து வந்ததும், உறைமோர் கேட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வீட்டில் மோர் இல்லாமல் இல்லை. அதையும் ஒளிக்க விரும்பவில்லை. அவர் கதவைத் திறந்து, கிண்ணத்தையும் என்னையும் பார்த்து, "விளக்கு வைத்த பிறகு மோர் கொடுக்கிற வழக்கம் இல்லையேம்மா" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. படிக்கட்டு இறங்கும்போது, அவருடைய வழக்கத்துக்காக அவர் மறுத்தார், அதில் என்மேல் கோபம் இருந்தாக வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரும் அன்றைக்கு அப்படித் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு போயிருப்பாரோ என்னவோ.

காலை ஆறரை மணிக்கு அவரே கிண்ணத்தில் மோரோடு வந்து நின்றார். உள்ளே வந்து என் மாமியாரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மழை இந்த ஆண்டு தாமதம் என்று பேசிவிட்டுப் போனார். சுண்டலைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவர் போன பிறகு நான்தான் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொலுப்படி ஐயா எழுதியதைச் சொன்னதும் அவர், "சாமிக்கு வைக்கும் முன்னே நம் வீட்டுப் பங்கை எடுத்து வைத்துவிடுவதாக ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள், உனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "அப்படியானால் இத்தனை வருடம் என் பங்கையும் சேர்த்தா தெருவுக்குக் கொடுத்தாய்?" என்று கேட்டார். அவருக்குச் சுண்டல் மிகவும் பிடிக்கும்.

தயிர் நன்றாகத் தோய்ந்திருக்கிறது. அவருடைய கிண்ணம் என் அடுப்படியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. வெறுங்கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இரண்டு வீட்டிலும் இல்லை என்பதால், அதில் என்ன வைத்துக் கொடுப்பது என்று மாமியாரும் நானும் இன்னும் பேசி முடிக்கவில்லை.